தானாகச் சரியானவை

அவர்களுடைய டோக்கன் இருபத்து மூன்று. உள்ளே போயிருந்தது பதினாறு.

அவள் மடியில் ஒரு பழுப்பு உறை. அதற்குள் அச்சக முதலாளி டைப் அடித்துக் கொடுத்த தாள். தாளில் ஒரே வாக்கியம்: 'இவர் கட்டிங் மெஷினில் நின்று வேலை பார்க்க உடல்நிலையில் தடை ஏதும் இல்லை.' கீழே டாக்டர் கையெழுத்துக்கு ஒரு கோடு. காலையிலிருந்து அவள் அந்த உறையைப் பையில் வைப்பதும், வெளியே எடுத்து மூலை மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுமாக இருந்தாள்.

"அது என்ன கோழிக்குஞ்சா? மூச்சு விடுதான்னு பாத்துக்கிட்டே இருக்க" என்றான் அவள் கணவன்.

"உங்களுக்கென்ன லிஃப்ட் சார். உங்க ஸ்பானரைப் பிடுங்கிக்கிட்டு, போய் ஓரமா உக்காருன்னு யாராவது சொன்னாங்களா?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவனை யாரும் ஓரமாக உட்காரச் சொன்னதில்லை.

அவளைச் சொன்னார்கள். ஆறு வருஷம் கட்டிங் மெஷின் அவள் கையில் இருந்தது. ஒரு சாண் உயரக் காகிதக் கட்டைத் தட்டிச் சமன் செய்து, கத்திக்கு அடியில் தள்ளி, மயிரிழை பிசகாமல் வெட்டி எடுப்பாள். பழைய மெஷின். ஓடவிட்டால் கத்தி தன் பாட்டுக்கு இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும். அதன் கதிக்கு ஆள்தான் கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். முன்னால் இருந்த காப்புக் கம்பியை, வேலை ஓடவில்லை என்று யாரோ எப்போதோ கழற்றிவிட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் முதல் வலிப்பு வந்தது. நல்லவேளை, சாப்பாட்டு இடைவேளையில். அன்று சாயங்காலமே முதலாளி அவளை மடிப்பு மேசைக்கு மாற்றினார். தாளை மடி, அடுக்கு, மடி, அடுக்கு. அந்த மேசையிலிருந்து பார்த்தால் மெஷின் தெரியும். வேறு ஒருவன் அதில் நின்று கோணலாக வெட்டுவதும் தெரியும்.

முதல் மருந்தை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினார்கள். நிற்கவில்லை. கூடவே இரண்டாவது. அதற்கும் நிற்கவில்லை. "ரெண்டு மருந்தைச் சரியான அளவுல குடுத்தும் நிக்கலைன்னா, இது மருந்துக்கு அடங்காத வகைன்னு எடுத்துக்கணும். மூணாவதுல நிக்கிறவங்க கொஞ்சம் பேர்தான். அதுக்காக விட்டுடவும் முடியாது" என்றார் டாக்டரம்மா. பத்து மாதத்துக்கு முன் மூன்றாவதைத் தொடங்கினார்கள். பொடி அளவில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு படி. முழு அளவைத் தொட மூன்று மாதம் ஆனது. எத்தனை வலிப்பு, எப்போது, எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்கள்.

இப்போது மெஷினில் நிற்பவன் இந்த வாரத்தோடு போகிறான். "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள டாக்டர் கையெழுத்தோட வந்தா மெஷின் உனக்கு. வரலைன்னா வேற ஆள் பாத்து வெச்சிருக்கேன். என்னைத் தப்பா நெனச்சுக்காதம்மா" என்று முதலாளி சொல்லியிருந்தார். அவர் மோசமான மனிதர் இல்லை. அவருக்கும் வெட்ட ஆள் வேண்டும்.

கவுண்டரில் நர்ஸ் கூப்பிட்டார். நோட்டைப் பார்த்து, மாதத்துக்கு எத்தனை என்று கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பது அவர் வேலை.

"மொத மூணு மாசம் பத்தொம்பது, பதினேழு, பதினெட்டு. அப்புறம் ரெண்டு. அப்புறம் ஒண்ணு. அதுக்கப்புறம் அஞ்சு மாசமா முட்டை! என்ன மாத்திரை இது, எனக்கும் ரெண்டு குடுங்களேன். வீட்டுல என் மாமியாரும் நின்னுடுவாங்களா பாப்போம்."

அவள் சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய அவள் சிரித்து நாளாகியிருந்தது.

நர்ஸ் கோட்டை இழுத்து முடித்துத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "பொதுவா கோடு படிக்கட்டுல இறங்குற மாதிரி இறங்கும். இது மொட்டை மாடியிலேர்ந்து குதிச்ச மாதிரி இருக்கு." நோட்டைப் புரட்டினார். "கையெழுத்தும் இங்கதான் மாறுது. யார் எழுதினது?"

"மொதல்ல என் மச்சினி. வேலை கிடைச்சு வெளியூர் போயிட்டா. அப்புறம் நான்."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான எழுதினீங்க?"

"ஆமா" என்றான்.

நர்ஸ் அவளை எடை பார்க்கவும் ரத்தம் எடுக்கவும் உள்ளே அழைத்துப் போனார். அவன் நோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தான். வேறு வேலை இல்லாததால் பிரித்தான்.

மச்சினி எழுதிய பக்கங்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தன. 'காலை 7.40. பல் தேய்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். உதட்டைச் சப்பினாள். வலது கை துணியை நோண்டியது. கூப்பிட்டால் பதில் இல்லை. ஒரு நிமிடம் பத்து விநாடி. பிறகு என்னைப் பார்த்து, என்னடி என்றாள்.' அடுத்தது: 'மதியம் 1.15. கரண்டியால் தட்டைத் தட்டினாள். நாற்பது விநாடி.' அதற்கு அடுத்தது: 'விழுந்தாள். உடம்பு முழுக்க உதறல். இரண்டு நிமிடம்.'

பிறகு அவனுடைய பக்கம். மூன்று வரி. 'விழுந்தாள். 2 நிமிடம்.' 'விழுந்தாள். 1½ நிமிடம்.' அடுத்த மாதம், 'விழுந்தாள். 1 நிமிடம்.' அதோடு சரி. மற்ற நாட்களுக்கெல்லாம் ஒரு டிக்.

அவன் இரண்டு பேர் பக்கங்களையும் மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்தான்.

ஒவ்வொரு கட்டடத்திலும் லிஃப்ட் அறையில் ஒரு பதிவு நோட்டு தொங்கும். லிஃப்ட் நின்றால் எழுத வேண்டும். ஆள் மாட்டிக்கொண்டால் எழுத வேண்டும். குலுங்கினால், ஒரு மாடி தள்ளி நின்று திரும்பி வந்தால், கதவு இரண்டு முறை திறந்து மூடினால் எழுதக் கூடாது. தானாகச் சரியானது பழுது இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சூப்பர்வைசர் சொன்னது. "நீ எழுதினா கட்டடக்காரன் ஏன்னு கேப்பான். ஏன்னு உனக்கே தெரியாது. டிக் போட்டுட்டு வா." ஒன்பது வருஷமாக டிக் போட்டுவிட்டு வருகிறான். மச்சினி நோட்டைக் கொடுத்துவிட்டுப் போன அன்றும் அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பதிவு நோட்டு எழுதத் தெரியாதா அவனுக்கு?

மாடிப்படிப் பக்கம் போய் மச்சினிக்குப் போன் போட்டான்.

"என்ன மாமா, அதிசயமா இருக்கு. அக்காவோட சண்டையா?"

"ஒண்ணு கேக்கணும். நோட்டுல நீ எதை எதை எழுதுவ?"

"எல்லாத்தையும்தான். ஏன்?"

"எல்லாம்னா?"

"விழுறது. முழிச்சபடி உறைஞ்சு போறது. வாயைச் சப்புறது. தட்டுல தாளம் போடுவாளே, அது. எல்லாமே வலிப்புதான் மாமா. டாக்டரம்மா மொத நாளே சொன்னாங்களே, நீங்க அன்னைக்கு வரல. ஏதோ லிஃப்ட்டுல ஆள் மாட்டிக்கிச்சுன்னு ஓடிட்டீங்க."

அவன் கையில் இருந்த நோட்டைப் பார்த்தான்.

"மாமா? நீங்க எதை எழுதினீங்க?"

"அப்புறம் பேசறேன்."

"மாமா, அக்கா இன்னைக்கு மெஷினுக்குக் கையெழுத்து வாங்கப்..."

அவன் போனை வைத்துவிட்டான்.

போன வியாழக்கிழமை. அவள் குழாயடியில் நின்று ஒரே டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் வழிந்து தரைக்கு வந்தது. "ஏய், தண்ணி" என்றான். திரும்பவில்லை. நெருங்கிப் போய்ப் பார்த்தான். கண் திறந்திருந்தது, அதில் அவள் இல்லை. அப்புறம் அவளே குழாயை மூடிவிட்டு, "என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்றாள். அதற்கு முந்தின ஞாயிறு, துணி மடிக்கும்போது. அதற்கு முன்னால் பஸ்ஸில், கண்டக்டர் டிக்கெட் நீட்டியபடி நின்றபோது. விரலை மடக்கிக்கொண்டே வந்தான். இரண்டு கையும் போதவில்லை.

எல்லாவற்றையும் அவன் பார்த்திருந்தான். பார்த்துவிட்டு டிக் போட்டிருந்தான்.

மறுபடி நோட்டைப் புரட்டி மச்சினி எழுதியதில் விழுந்ததை மட்டும் எண்ணினான். ஐம்பத்து நான்கில் பதினொன்று. இப்போது விழுவதே இல்லை. ஆக, மருந்து எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அந்தக் கணக்கில் கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருந்தான். சும்மா இருந்தால் என்ன? அவளுக்கு வந்தது அவளுக்கே தெரியாது. வந்து போனபின் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறவள் அவள். டாக்டருக்கு நோட்டுதான் தெரியும். இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவன்.

அவள் முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தாள். "என்ன இங்க வந்து நிக்கிறீங்க? இருபத்தொண்ணு போயாச்சு."

சொன்னான். சுற்றி வளைக்கத் தெரியாது அவனுக்கு. தங்கச்சி எழுதினது வேறு, தான் எழுதினது வேறு, கோடு இறங்கவே இல்லை என்று சொன்னான்.

அவள் முகம் ஒரு நொடி வெறுமையாக இருந்தது. அவனுக்கு உயிர் போய் வந்தது. இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

"டம்ளர் கழுவினேன். அவ்வளவுதான். யோசனையில இருந்தேன்."

"என்ன யோசனை?"

"அது... ஏதோ. மனுஷி யோசிக்கக் கூடாதா? நீங்க டீவி பாக்கும்போது பத்து தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டீங்க. அதுக்கு நான் நோட்டு போட்டேனா?"

"உதட்டைச் சப்பின."

"பொய்."

"நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?"

"இத்தனை நாள் சொல்லாதது இன்னைக்கு ஏன் சொல்றீங்க? அஞ்சு மாசம் டிக் போட்டீங்கல்ல? இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் போடுங்க. உங்களை என்ன கேட்டேன் நான்? நகை கேட்டேனா?" அவள் குரல் கீழே போனது. "விழுறது நின்னுச்சு. அது எனக்குத் தெரியும், நாக்கைக் கடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கிறதில்ல. இந்த மருந்து எனக்குக் கேக்குது. நீங்க உள்ள வந்து வாயைத் திறந்தா, சத்தியமா இனி ஒரு மாத்திரை முழுங்க மாட்டேன். மூணோட போதும்."

"இருபத்து மூணு!" என்று நர்ஸ் கூப்பிட்டார்.

டாக்டரம்மாவின் அறை சிறியது. மேசையில் கட்டம் போட்ட தாள் விரித்திருந்தது. அவர் அதையும் போன மாத ரத்தப் பரிசோதனையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அதிகம் பேசாதவர். இன்று பேசினார்.

"அஞ்சு மாசம். நானே எதிர்பார்க்கல. ரத்தத்துல மருந்து அளவும் சரியா இருக்கு. இன்னும் தலை சுத்துதா?"

"காலையில மாத்திரை போட்டதும் ஒரு மணி நேரம். எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும் டாக்டர். பேர் மறந்து போயிடுது."

"மூணு மருந்து சேர்றதால அது. முதல் மருந்தை வாரத்துக்கு ஒரு படியா குறைச்சு நிறுத்திடலாம்." உறையிலிருந்த கடிதத்தை எடுத்துப் படித்தார். "என்ன மெஷின் இது? காப்பு இருக்கா?"

"இருக்கு டாக்டர்" என்றாள்.

இருந்தது. மெஷினுக்குப் பின்னால், சுவரோரமாக, துருப்பிடித்து.

டாக்டரம்மா பேனா மூடியைக் கழற்றினார். கோட்டுக்குப் பக்கத்தில் முனையைக் கொண்டுபோனவர், சும்மா கேட்கிற மாதிரி அவனைப் பார்த்தார். "சின்னதா கூட எதுவும் இல்லியே? வீட்டுல நீங்கதான பாக்கறீங்க?"

மேசைக்கு அடியில் அவள் செருப்பு அவன் காலை மிதித்தது. நன்றாகவே மிதித்தது.

அவன் பேனா முனையைப் பார்த்தான். தொண்டை வரை 'இல்ல' வந்துவிட்டது. ஒன்பது வருஷப் பழக்கம்.

"இருக்கு டாக்டர்."

செருப்பு விலகியது.

"நான் எழுதல. விழுந்தா மட்டும் எழுதினேன். உறைஞ்சு நிக்கிறது, வாயைச் சப்புறதெல்லாம் எழுதணும்னு தெரியாது. இல்ல, பாத்துட்டுதான் இருந்தேன். அது தானா சரியாயிடுதேன்னு விட்டுட்டேன். வாரத்துக்கு மூணு, நாலு நான் பாத்திருக்கேன். நான் வேலைக்குப் போனப்புறம் எத்தனைன்னு தெரியாது."

டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவை மூடினார். நோட்டின் இரண்டு பக்கங்களையும் நிதானமாகப் படித்தார்.

"முதல் மருந்தை இன்னைக்குக் குறைக்க ஆரம்பிச்சிருப்பேன்" என்றார் கடைசியில். வாக்கியத்தை அங்கேயே நிறுத்திவிட்டார்.

"அப்ப இந்த மருந்தும் வேலை செய்யலையா?" என்று அவள் கேட்டாள். அவனைப் பார்க்காமல்.

"பாதி செய்யுது. விழுறது நின்னிருக்கு, அது சின்ன விஷயம் இல்லம்மா. மூணாவதுல இன்னும் ரெண்டு படி ஏத்த இடம் இருக்கு. ஏத்துவோம். மத்த ரெண்டையும் தொட வேண்டாம். அடுத்த தடவை வரும்போது போன்ல படம் பிடிச்சுட்டு வாங்க. எழுதறதைவிட அது நல்லது." கடிதத்தை மடிப்பு கலையாமல் அவள் பக்கம் தள்ளினார். கோடு காலியாகவே இருந்தது.

பஸ் ஸ்டாப் வரை அவள் முன்னால் நடந்தாள். அவன் பத்தடி பின்னால். மணி நான்கே கால். நிழற்குடையில் ஏழெட்டுப் பேர். அவள் தூணில் சாய்ந்து ரோட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"உங்களுக்குச் சந்தோஷமா?" என்றாள் திரும்பாமல்.

"இல்ல."

"ஆறு வருஷம் அந்தக் கத்தியோட நின்னிருக்கேன். ஒரு கீறல் பட்டதில்ல எனக்கு. எனக்கு ஒண்ணு வந்தா எனக்குத் தெரியாதா? என் உடம்புங்க இது. உங்க லிஃப்ட் இல்ல. நான்..."

'நான்' என்பதோடு பேச்சு நின்றது.

அவன் எட்டிப் பார்த்தான். கண் திறந்திருந்தது. உதடு மெல்ல எதையோ சப்பியது. ஒரே எட்டில் போய், இடது கையால் அவள் தோளை அணைத்து ரோட்டோரத்திலிருந்து உள்ளே இழுத்தான். வலது கையால் போனை எடுத்துப் பிடித்தான்.

பக்கத்தில் காய்கறிப் பை வைத்திருந்த அம்மாள் கத்தினார். "ஏம்ப்பா, பொண்டாட்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிறா, நீ படம் பிடிச்சுக்கிட்டு இருக்க? மனுஷனா நீ?"

"டாக்டர் கேட்டாங்கம்மா."

"டாக்டர் கேட்டாராம்! தண்ணி தெளி முதல்ல!"

"வேண்டாம்மா. தானா வந்துடுவா. தள்ளி நில்லுங்க."

அவள் வலது கை நகர ஆரம்பித்தது. பை வாரை நோண்டியது. பிறகு வாரை விட்டுவிட்டு முன்னால் நீண்டது. காற்றில் எதையோ தள்ளுவது போல, விரல்களை விரித்து, மெதுவாக முன்னே போய்ப் பின்னே வந்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது.

பிறகு கை தொங்கியது. கண்ணுக்குள் அவள் திரும்பி வந்தாள்.

"...ரொம்பப் பசிக்குது" என்றாள். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள். தன் தோளில் இருந்த அவன் கையை, அவன் பிடித்திருந்த போனை. "என்ன?"

அவன் அவளை பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். அவள் குடித்தாள். அப்புறம் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தான்.

இந்த இரண்டு வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. பார்க்க முடிந்தவர்கள் மற்ற எல்லோரும்தான். முதல் தடவை முகத்தைப் பார்த்தாள். ஒரு இடத்தில், தெரியாத யாரையோ பார்க்கிற மாதிரி முகத்தைச் சுளித்தாள். இரண்டாம் தடவை கையை மட்டும் பார்த்தாள். பார்க்கும்போது உதடு அசைந்தது. அவனுக்குத் தூக்கிப்போட்டது. ஆனால் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பதிமூணு" என்றாள்.

"என்ன பதிமூணு? ஐம்பத்திரண்டு செகண்ட் ஓடுது."

"கத்தி." போனை அவன் கையில் வைத்தாள். "நாலு செகண்டுக்கு ஒரு தடவை இறங்கும்."

காய்கறிப் பை அம்மாள் ஏதோ கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். கண்டக்டர் இவர்களைப் பார்த்து, "வர்றீங்களா, என்ன?" என்றார். அவன் அவளைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பஸ் போய்விட்டது.

அவள் தன் போனை எடுத்து முதலாளிக்குப் போட்டாள். அவர் சொன்ன ஆறு மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

"சார், நான்தான். அந்த ஆளை வரச் சொல்லிடுங்க." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டது. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "இல்ல சார், டாக்டர் மாட்டேன்னு சொல்லல. நான்தான் வேண்டாம்னு சொல்றேன். ஆமா. நாளைக்கு வர்றேன். மடிப்புக்கு."